களிமண் முற்றமும் செயற்கைப் புல்லும்

கொல்கத்தாவின் கார்டன் ரீச், ஹூக்ளி ஆற்றின் கிழக்குக் கரையில் வண்டல் களிமண் மீது அமைந்த பகுதி. அங்கு மழைநீர் மண்ணுக்குள் மிக மெதுவாகவே இறங்கும். ஆற்றில் ஓதம் ஏறும்போது மதகுகள் அடைக்கப்படுவதால் வடிகால்களிலும் நீர் தேங்கும். இத்தகைய முற்றத்தில் செயற்கைப் புல்லை மட்டும் விரித்தால் சேறு மறையும். நீர் அடியிலேயே நிற்கும்.

கணக்கிட்டுப் பார்ப்போம். 100 சதுர மீட்டர் முற்றத்தில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 5,000 லிட்டர் நீர் சேரும். அதனை வெளியேற்றுவது புல்லின் அடித்தளமே.

முதலில் ஓரடி ஆழக் குழி தோண்டி நீர் நிரப்புவோம். மறுநாளும் நீர் நின்றால் மண் உறிஞ்சும் என நம்ப இயலாது. அப்போது மீட்டருக்கு 1 சென்டிமீட்டர் வீதம், வீட்டிலிருந்து விலகிச் சரியுமாறு தரையைச் சீர்செய்ய வேண்டும். அதன்மேல் ஜியோடெக்ஸ்டைல் துணி விரித்து, 10 முதல் 15 சென்டிமீட்டர் ஜல்லி பரப்பி, அதனுள் துளையிட்ட குழாய் பதிக்க வேண்டும். குழாயின் வாய் வடிகாலின் நீர்மட்டத்துக்குக் கீழே இருப்பின் ஓத நேரத்தில் நீர் திரும்பி வரும்; ஆதலால் அந்த உயரத்தை முன்னரே அளப்பது நலம். புல் இறுதியில் வரட்டும்.

மதிப்பீட்டுப் பட்டியலில் அடித்தளச் செலவையும் புல்லின் விலையையும் தனித்தனியே கேட்போம். அடித்தளத்தைக் குறிப்பிடாத மலிவான பட்டியல், அடுத்த பருவமழையில் இரட்டைச் செலவாகும்.