பழுது பார்க்கும் வீடா, குடிபுகும் வீடா?

நெசவாளர் அங்கத்தினர் ஒருவர் சென்ற மாதம் வீட்டுக்கடன் விஷயமாக யோசனை கேட்க வந்தார். இரண்டு வீடுகள் பார்த்திருந்தார். ஒன்று, ஓட்டுக்கூரையும் சுண்ணாம்புச் சுவரும் உடைய பழைய வீடு. விலை 12 லட்சம் ரூபாய். மற்றது, சாவியைப் பெற்றதும் குடியேறக்கூடிய கான்கிரீட் வீடு. விலை 18 லட்சம். "ஆறு லட்சம் மிச்சமாகிறதே, ஐயா!" என்றார். அம்மிச்சம் உண்மையானதுதானா என்று இருவரும் கணக்கிட உட்கார்ந்தோம்.

முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்ற முறையில் பழைய வீட்டிற்கு 1,08,000 ரூபாயும் புதியதற்கு 1,62,000 ரூபாயும் ஆகும். பழுதுபார்க்க 4 லட்சம் போதும் என்றாராம் கொத்தனார். நான் 5 லட்சம் எனக் கொண்டேன். சுவரைத் திறந்த பின்னரே கண்ணில் படும் பழுதுகள் உண்டல்லவா? வேலை முடியும்வரை ஆறு மாத வாடகை 30,000. ஆகப் பழையது 18,38,000; புதியது 19,62,000. ஆறு லட்சம் 1,24,000 ஆகச் சுருங்கிற்று. கொத்து வேலையை மேற்பார்க்க அவர் நின்றால், தறியும் நிற்கும். அக்கூலி இழப்பு இதில் சேரவில்லை.

உடைந்த ஓடும் உதிர்ந்த பூச்சும் பணத்தால் தீரும். அஸ்திவாரம் இறங்கியதால் விழுந்த வெடிப்பும், உத்தரத்தை உள்ளே அரித்த கறையானும் எளிதில் தீரா. சுவரடி ஈரத்தைச் சிமெண்டு பூசி மறைப்பார் பலர். சுண்ணாம்புச் சுவரில் அவ்வாறு செய்தால் நீர் வெளியேற வழியின்றி உள்ளே தங்கிச் சுவரை மேலும் கெடுக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒருமுறை சென்று பார்த்தல் வேண்டும். கோடையில் எல்லா வீடும் நல்ல வீடே!

புதிய வீடு குடிபுகத் தயார். ஆனால் தறிக்குத் தயாரா? குழித்தறி போடப் பளபளக்கும் தரையை வெட்ட வேண்டும். பழைய வீட்டிலோ குழி ஏற்கெனவே இருந்தது. மண்தரையின் குளிர்ச்சியில் பருத்தி இழை எளிதில் அறுவதில்லை என்பதை அங்கத்தினர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மழையில் அக்குழியில் நீர் ஊறுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளச் சொன்னேன்.

எந்தக் கொத்தனாராலும் சரிசெய்ய முடியாத பழுது பத்திரத்தில் இருப்பது. பழைய வீட்டிற்குத் தாய்ப் பத்திரமும் 30 ஆண்டு வில்லங்கச் சான்றும் பட்டாவும் பார்த்தாலும் போதாது. வாரிசுகளையும் விசாரிக்க வேண்டும். ஹிந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு உண்டு. வில்லங்கச் சான்றில் அது தென்படாது.

அங்கத்தினருடைய மனம் பழைய வீட்டின் பக்கமே சாய்கிறது. என் அபிப்பிராயமும் ஏறக்குறைய அதுவே. ஆனால் விற்பவருக்குத் திருமணமாகி வெளியூரில் வாழும் தங்கை ஒருவர் இருப்பதாகத் தெரிகிறது. அவருடைய கையொப்பம் கிடைக்கும்வரை ஒரு ரூபாய்கூட முன்பணம் கொடுக்க வேண்டாம் எனச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.