நெய்தல் நிலத்து உதைபந்தாளர்

விளையாட்டின் இயல்பை வகுப்பது அதன் விதியோ, ஆடுவோர் கால்பட்ட நிலமோ என்னும் வினா, சென்ற பொங்கல் விடுமுறையில் யாம் பழவேற்காட்டு ஏரிக்கரையில் நின்றபொழுது எம்முள் எழுந்தது. கூனங்குப்பத்து மணலில் சிறுவர் பதின்மர், துடுப்பு இரண்டை நட்டு அவற்றையே இலக்காக்கி, வெறுங்காலுடன் உதைபந்து ஆடிக்கொண்டிருந்தனர். மணல் பந்தை உருளவிடாது. ஆதலின் அவர்கள் பந்தைக் காலினின்று பிரியவிடாமலே கொண்டு சென்றனர். ஆஸ்திரேலியர் 1859-இல் மெல்போர்ன் நகரில் தமக்கென ஓர் உதைபந்து முறைக்கு விதி வகுத்தபொழுது, அதற்கு முன்னின்றவருட் பலர் கிரிக்கெட் ஆடுவோராயிருந்தனர். இன்றும் அவ்வாட்டம் கிரிக்கெட்டுக்குரிய முட்டை வடிவான பெருந்திடலிலேயே, அணிக்குப் பதினெண்மராக நடைபெறுகின்றது. அவர்க்கு அத்திடல் எத்தகையதோ, நம் கரையோரத்தார்க்கு மணலும் அத்தகையதே என்பது எம் கருத்து.

இக்கருத்துக்குத் துணையாக ஒருவரது வாழ்க்கையை ஈண்டு எடுத்துரைப்பாம். மைக்கேல் சூசைராஜ் என்பார் 1994-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் நாள், கன்னியாகுமரி மாவட்டத்து இரவிபுத்தன்துறையில் மீனவர் குடியிற் பிறந்தார். தூத்தூரைச் சூழ்ந்த அக்கடற்கரை ஊர்களின் ஆடவர், ஆழ்கடலிற் பல நாள் தங்கிச் சுறா முதலிய பெருமீன் பிடிப்பதில் பேர் பெற்றவர். அவ்வூர்களில் உதைபந்துக்குள்ள மதிப்பு வேறெவ்விளையாட்டுக்கும் இல்லை. சூசைராஜின் உடன்பிறந்தாராகிய மைக்கேல் ரெஜினும் உதைபந்தையே தொழிலாகக் கொண்டவர்.

சூசைராஜ் சென்னை சிட்டி அணியிற் சேர்ந்து, அவ்வணி 2016-17-இல் ஐ-லீக் என்னும் அகில இந்தியப் போட்டியிற் புகுந்த காலந்தொட்டு ஆடினார். இடப்பக்கத்து ஓரத்தில் விரைந்து ஓடி, எதிரியை நெருங்கவிட்டுப் பின் உடலை வளைத்து விலகும் அவரது ஆட்டத்தைக் காண்போர், அது புல்தரையிற் கற்றது அன்று என்பதை எளிதில் உணர்வர்.

அவரது இரண்டாம் பருவம் 2017 நவம்பரில் தொடங்கிய சில நாட்களுக்குள், அம்மாதம் 30-ஆம் நாள் ஒக்கிப் புயல் குமரிக் கடலைத் தாக்கிற்று. ஆழ்கடற்குச் சென்றிருந்த தூத்தூர்ப் பகுதி மீனவருட் பலர் மீளவில்லை. நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கல் என்று யாம் வகுப்பில் ஏட்டில் எழுதிக்கொள்கின்றோம். அவ்வாண்டு அக்கரையில் வழிமேல் விழிவைத்து நின்ற மகளிரை எண்ணுங்கால், அதனை வெறும் இலக்கணமாகப் படித்தமைக்கு நாணுகின்றோம். அத்தகைய கரையிலிருந்து வந்த இளைஞர், அப்பருவம் முழுவதும் பந்தின் பின் ஓடினார் என்பதை மட்டும் ஈண்டுக் குறித்துச் செல்வாம்.

2018-இல் ஜாம்ஷெட்பூர் அணி அவரை ஏற்றது. 2019-இல் இந்திய நாட்டு அணியினின்று அழைப்பும், கொல்கத்தாவின் ஏ.டி.கே. அணியில் இடமும் கிடைத்தன. ஆண்டுப் பயிற்சியாளர் ஹபாஸ் அவரை முன்வரிசையினின்று சற்றே பின்னிழுத்து, இடப்பக்கம் முழுவதையும் காத்தலும் தாக்குதலும் ஆகிய இரு பொறுப்பையும் ஒருங்கே தந்தார். தமையனும் தம்பியும் அப்பருவத்தில் ஓரணியில் இருந்தனர். 2020 மார்ச் 14-ஆம் நாள் கோவாவில், நோய்த்தொற்றின் அச்சத்தால் காண்போர் ஒருவருமில்லாத அரங்கில் இறுதியாட்டம் நடந்தது. எதிரணியோ சென்னையின் எப்.சி.! ஏ.டி.கே. மூன்றுக்கு ஒன்றாக வென்றது. சென்னை தோற்றதற்கு வருந்துவதா, குமரியார் வென்றதற்கு மகிழ்வதா என எம் விடுதியில் அந்நாள் பற்றி இன்றும் வழக்குண்டு.

அதே ஆண்டு நவம்பர் 20-ஆம் நாள், அடுத்த பருவத்தின் முதல் ஆட்டம், கேரளா பிளாஸ்டர்ஸ் அணியுடன். தொடங்கிக் கால்மணி நேரம் ஆவதற்குள் சூசைராஜின் முழங்கால் பழுதுற்றது. அவர் களத்தினின்று வெளியேறினார். அப்பருவம் அவர்க்கு அத்துடன் முடிந்தது. 2022-இல் ஒடிஷா அணியிற் சேர்ந்தார்.

இவ்வரலாற்றை யாம் கூனங்குப்பத்தில் கூறியபொழுது, வலை பழுதுபார்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் தலை நிமிர்ந்து, "முட்டி போன பையன் கடலுக்கும் போவ முடியாதே தம்பி, அந்த ரெண்டு வருசம் சோத்துக்கு என்ன பண்ணான்?" என்று வினவினார். யாம் மறுமொழி கூற இயலாது நின்றோம். வெற்றிகளையும் நாட்களையும் தொகுத்த எமக்கு இவ்வினா தோன்றவே இல்லை.

அவர் அவ்வாறு வினவியதற்குக் காரணம் உண்டு. பழவேற்காட்டு ஏரியில் இறால் வலை கட்டும் இடங்களைப் 'பாடு' என்பர். அவை தலைக்கட்டு முறையிற் சீட்டுப் போட்டுப் பகிரப்படுவன. தன் முறை நாளில் நீரில் இறங்காதவனுக்கு அந்நாளின் வரவு இல்லை. முகத்துவாரம் மணலால் தூர்ந்து மீன்வரத்துக் குறையும் காலத்தில், ஒரு நாளையும் இழத்தற்கு எவரும் துணியார். அவ்வாறாயின், மகனை ஆண்டுக்கணக்காகப் பந்துக்கு விடும் தந்தை, எத்தனை பாடுகளை விட்டுக்கொடுக்கின்றார் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். இரவிபுத்தன்துறையில் யாரோ அதனைச் செய்திருக்கின்றனர்.

பொழுது சாய்ந்தது. முதியவர் தம் பேரனை அழைத்து, "சனிக்கிழமை நம்ம பாடு. உங்க ஆட்டத்தை ஞாயித்துக்கிழமைக்கு மாத்திக்கச் சொல்லுடா" என்றார். சிறுவன் பந்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு, மற்றவரைக் கேட்டு வர மணலில் ஓடினான்.