விரலுக்கேற்ற எழுத்து

பாரிசில் வாலண்டின் ஹாயூ 1780-களில் தொடங்கிய பார்வையற்றோர் பள்ளியில், ரோமன் எழுத்துகளையே புடைப்பாக அச்சிட்டுக் கற்பித்தனர். கண்ணுக்கு அவை தெளிவு. விரலோ ஒவ்வொரு வளைவையும் தடவித் தேட வேண்டும். மாணவர் அவற்றைத் தாமே எழுதுவதும் அரிது. ஆசிரியருக்கு எளியது மாணவருக்கும் எளியது என்ற எண்ணம் அன்றும் இருந்தது போலும்!

அப்பள்ளி மாணவரான லூயி பிரெயில், பார்பியேயின் பன்னிரு புள்ளி முறையைச் சுருக்கி, 1824-இல் தம் 15-ஆம் வயதில் ஆறு புள்ளிகளாக்கினார். ஓரெழுத்து விரல்நுனிக்குள் அடங்கியது, எழுதவும் முடிந்தது. மாணவனுக்கேற்பக் கருவியை மாற்றுவதே சிறப்புக் கல்வியின் அடிப்படை என்பேன். ஆயினும் பள்ளி அதை முறைப்படி ஏற்றது 1854-இல்தான். அவர் மறைந்து ஈராண்டு கழித்து.

தமிழும் 1951-இல் உருவான பாரதி பிரெயிலில் எழுதப்படுகிறது. 'கெ' என்பதற்கு அச்சில் நாம் கொம்பை முன்னே போடுகிறோம். பிரெயிலில் முதலில் ககரம், பிறகே எகரம். பார்வையற்ற நண்பரின் விரல், நாம் ஒலிக்கும் வரிசையிலேயே படிக்கிறது.