இயந்திரத்தின் நாடி

மக்கள் உடம்பில் நோய் முற்றுமுன் அதன் குறி தோன்றும். கைதேர்ந்த மருத்துவன் நாடியில் விரல் வைத்த அளவிலே அக்குறியை உணர்கின்றான். உயிரில்லாத இயந்திரத்திற்கும் நோயுண்டு; நாடியும் உண்டு. அந்நாடி யாது, அதனைப் பார்க்கும் முறை யாது, பார்த்தும் வாளாவிருந்தால் விளையும் கேடு யாது என்னும் மூன்றினையும் ஈண்டுச் சுருங்க ஆராய்வோம்.

தமிழ் பயிலும் எமக்கு இயந்திரத்தோடு என்ன தொடர்பு என நண்பர் வினவலாம். வெண்பா ஒன்றை ஒருவர் படிக்கக் கேட்குங்கால், ஓரிடத்தில் தளை தட்டினால், பொருள் விளங்குமுன்னரே செவி அப்பிழையை உணர்ந்துவிடுகின்றது. இயந்திர நோய் காண்பவரும் அவ்வாறே ஓசையொழுங்கில் நேர்ந்த பிழையைத் தேடுபவராவர். ஆதலின் இத்துறை எமக்கு முற்றும் அயலானதன்று.

சுழலும் இயந்திரம் யாதாயினும் சிறிதேனும் அதிரும். நலமுள்ள இயந்திரத்தின் அதிர்வு சிறிது; நாள்தோறும் ஒரு தன்மைத்து. சுழல்தண்டின் ஒரு பக்கத்தில் எடை மிகுந்தால், சுற்றுக்கு ஒரு முறை அதிர்ச்சி உண்டாகும். இணைந்த இரு தண்டுகள் நேர்கோட்டில் அமையாவிடின், பெரும்பாலும் சுற்றுக்கு இருமுறை வரும் அதிர்ச்சி மிகும். பற்சக்கரத்தில் ஒரு பல் முறிந்தால், அவ்விடம் வருந்தோறும் ஒரு மோதல் நிகழும். எனவே நோய் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு தாளம் உடையது என்க.

இத்தாளத்தைப் பழைய தொழிலாளர் செவியாலேயே அறிந்தனர். திருப்புளியின் நுனியை இயந்திரத்தின்மேல் ஊன்றி, அதன் பிடியைக் காதில் வைத்துக் கேட்பது அவர் வழக்கம். ஆயினும் செவிக்கு எல்லையுண்டு. ஒரு நொடியில் நிகழும் தொண்ணூறு மோதல்களை அது எண்ணமாட்டாது. சென்ற திங்கள் கேட்ட ஓசையை இன்று கேட்பதனோடு அளந்து ஒப்பிடவும் மாட்டாது. இக்குறையை நீக்க வந்ததே உணரி என்னும் கருவி.

சில படிகங்களை அழுத்தினால் அவற்றில் மின்னேற்றம் தோன்றும் என்பதை 1880இல் பிரான்சு நாட்டினரான ஜாக் கியூரி, பியேர் கியூரி என்னும் உடன்பிறந்தார் கண்டனர். இன்று பெருவழக்காயுள்ள அதிர்வுணரி இவ்வுண்மையின் பயனே. அதனுள் ஒரு படிகமும் அதனைச் சார்ந்து ஒரு சிறு எடைக்கட்டியும் உள. இயந்திரம் அதிருந்தோறும் அக்கட்டி படிகத்தை அழுத்தும். அழுத்தத்திற்கேற்ப மின்குறி பிறக்கும். கணினி அக்குறியை நொடிக்குப் பல்லாயிரம் முறை அளந்து பதிந்துகொள்ளும்.

பதிந்த கோட்டை நோக்கினால் சிக்குண்ட நூல்போல் தோன்றும். அச்சிக்கலை அவிழ்ப்பது எங்ஙனம்? நால்வகைக் குரலும் கலந்தெழும் கீதத்தில், பழகிய செவி ஒவ்வொரு குரலையும் பிரித்துணர்வதில்லையா? அத்தகைய பிரிப்பைக் கணக்கினால் செய்ய வழிகாட்டியவர் பிரான்சு நாட்டு ஃபூரியே. சிக்கலான அலையைப் பல எளிய அலைகளின் கூட்டாகப் பகுக்கலாம் என்னும் கருத்தை, வெப்பத்தைப்பற்றி 1822இல் தாம் வெளியிட்ட நூலில் அவர் விரித்துரைத்தார். அக்கணக்கை மிக விரைவாகச் செய்யும் முறையை அமெரிக்கரான கூலியும் டூக்கியும் 1965இல் வெளியிட்டனர். அதன் பயனாக, நெடும்பொழுது கொண்ட கணக்கு இன்று நொடிப்பொழுதில் முடிகின்றது.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குவோம். தொழிற்சாலையார் பேரிங் எனக் கூறும் தாங்கியில் உள்வளையம், வெளிவளையம், இடையே உருளும் குண்டுகள் என உறுப்புக்கள் உள. 6205 என்னும் எண்ணுடையது பலவிடத்தும் வழங்குவது. அதில் பெரும்பாலும் 9 குண்டுகள் இருக்கும். தண்டு நிமிடத்திற்கு 1500 முறை, அஃதாவது நொடிக்கு 25 முறை, சுழல்வதாகக் கொள்வோம். வெளிவளையத்தில் ஒரு சிறு குழி விழுந்தால், குண்டுகள் அதன்மேல் நொடிக்கு ஏறக்குறைய 89.6 முறை மோதும். குழி உள்வளையத்திலாயின் 135.4 முறை மோதும். பகுத்த வரைபடத்தில் 89.6 என்னுமிடத்தில் ஒரு கோடு உயர்ந்து நின்றால், அது 25இன் மடங்கன்று ஆதலின், தண்டின் எடைக் குறையன்று, வெளிவளையத்தின் நோயே எனத் துணியலாம். இயந்திரத்தைப் பிரிக்காமலே நோயின் இடம் அறியப்பட்டது காண்க.

ஆனால் தொடக்கத்தில் அம்மோதல் மிக மெல்லியது. ஏனைய ஓசைகளில் மறைந்துவிடும். அதற்கும் ஓர் உபாயமுண்டு. ஆலய மணியை அடிக்குங்கால் மணியின் நாதம் வேறு. நிமிடத்திற்கு எத்துணை அடி என்னும் கணக்கு வேறு. குழியில் மோதும் குண்டும் தாங்கியைச் சூழ்ந்த இரும்பை மணிபோல் உயர்ந்த நாதத்தில் ஒலிக்கச் செய்கின்றது. அந்நாதத்தை மட்டும் வடித்தெடுத்து, அஃது எழுந்தெழுந்து அடங்கும் எண்ணிக்கையைக் கணித்தால், மறைந்த தாளம் வெளிப்படும்.

இனி, நாடி பார்த்தும் நோய் தீராத ஒரு வரலாற்றை நோக்குவோம். உருசிய நாட்டில் யெனிசேய் ஆற்றின்மேல் சயானோ சுசென்ஸ்காயா என்னும் பெரிய நீர்மின் நிலையம் உளது. 2009 ஆகஸ்டு 17ஆம் நாள் காலை, அங்கு அமைந்த பத்துப் பொறிகளுள் இரண்டாம் பொறியின் மூடி பெயர்ந்தது. சுழலி மேலெழுந்து வீசப்பட்டது. வெள்ளம் கூடத்துட் புகுந்தது. 75 பேர் மாண்டனர். மூடியைப் பிணித்திருந்த போல்ட் என்னும் மரையாணிகள் நாட்பட்ட அதிர்வால் சோர்ந்து விரிசலுற்றமை பின்னர்த் தெரிந்தது. ஆராய்ந்த 49 ஆணிகளுள் 41இல் அவ்விரிசல் காணப்பட்டது. 160 மைக்ரான் அளவே ஏற்கத்தக்க அதிர்வு. அன்றோ ஓர் உணரி 840 மைக்ரான் வரை காட்டிற்று என்றும், பொறி நிறுத்தப்படவில்லை என்றும் அரசின் ஆய்வுக்குழு கூறிற்று.

அவ்வுணரியே பழுதுற்றிருந்தது எனப் பின்னர் வாதித்த வல்லுநரும் உளர். எனினும் இவ்வாதத்தால் குற்றம் குறைவதின்று. என்னை? உணரி மெய் கூறியிருப்பின், அதனைக் கேட்பாரில்லை. பொய் கூறியிருப்பின், காவலாளனே நோயுற்றும் அவனுக்கு மருத்துவம் செய்வாரில்லை. எவ்வாறாயினும் ஆணிகளின் விரிசலை எவரும் உரிய காலத்தில் தேடிற்றிலர்.

இதனால் யாம் அறிவன மூன்று. ஒரு சான்றையே நம்பாது, அதிர்வு, வெப்பம், எண்ணெயிற் கலந்த உலோகத்துகள் ஆகிய பல சான்றுகளையும் ஒப்பிடல் வேண்டும். கருவியையும் காலந்தோறும் சோதித்தல் வேண்டும். குறி கண்டவிடத்து இயந்திரத்தை நிறுத்தும் உரிமையும் துணிவும், அதனருகே நிற்கும் ஒருவனுக்கேனும் இருத்தல் வேண்டும். முன்னை இரண்டும் கல்வியால் வருவன. மூன்றாவது நெஞ்சுரத்தால் வருவது. நாளை பொறியியல் பயின்று ஆலைகளின் பொறுப்பேற்கப் போகும் நம் கல்லூரி நண்பர்கள் முன்னிரண்டினையும் எளிதிற் கற்பர். வேலை ஒருநாள் தடைப்பட்டால் வரும் நட்டத்தையும் மேலோர் சினத்தையும் அஞ்சாது, நிறுத்துக என ஒரு சொல் கூறும் மூன்றாவதனையும் அவர் மறவாதிருப்பாராக. இயந்திரம் தன் நோயை முன்னரே கூறுகின்றது. அதனருகே நின்று உழைப்பவர் உயிர், அக்கூற்றைக் கேட்பவர் கையில் உளது.