குடிநீரில் எஞ்சிய குளோரினை அளந்தறிதல்

தெளிவாய்த் தோன்றும் நீரெல்லாம் குடிப்பதற்கு ஏற்ற நீர் அன்று. வாந்திபேதி, டைபாய்டு, மஞ்சட்காமாலை ஆகிய நோய்களின் கிருமிகள் தெளிந்த நீரிலும் கண்ணுக்குப் புலப்படாமல் இருத்தல் கூடும். ஆகவேதான் மேல்நிலைத் தொட்டியில் பிளீச்சிங் பவுடரைக் கலக்கின்றோம். ஆனால், கலந்ததோடு நம் கடமை தீர்ந்துவிடுவதில்லை. கலந்தது போதுமா என்று அளந்தறிதலும் வேண்டும்.

எஞ்சிய குளோரின் யாது?

நீரிலிடும் குளோரினில் ஒரு பகுதியை அந்நீரிலுள்ள அழுக்கும், கிருமிகளும், இரும்பு முதலிய பொருள்களும் செலவழித்து விடுகின்றன. அரைமணி நேரம் கழிந்த பின்னரும் செலவாகாது மிஞ்சி நிற்பதே எஞ்சிய குளோரின். குழாயின் வழியில் சிறிதளவு அசுத்தம் கசிந்தாலும் நம்மைக் காப்பது இதுவே. 2012-ஆம் ஆண்டின் இந்தியத் தர அளவுப்படி, இது லிட்டருக்கு 0.2 மில்லிகிராமேனும் இருத்தல் வேண்டும். வைரஸ் நோய்களிலிருந்து காப்பு வேண்டுமாயின் 0.5 மில்லிகிராம் வேண்டும்.

எடை மட்டும் போதாது

30,000 லிட்டர் தொட்டிக்கு, 1,000 லிட்டருக்கு 4 கிராம் வீதம் 120 கிராம் தூள் இடுவதாகக் கொள்வோம். தூளில் 30 சதவிகிதம் குளோரின் இருப்பின், லிட்டருக்கு 1.2 மில்லிகிராம் சேரும். ஈரத்தாலும் வெப்பத்தாலும் தூளின் வீரியம் பாதியாகிவிட்டால் 0.6 மட்டுமே சேரும். நீர் 0.5-ஐச் செலவழித்துவிடுமாயின், முன்னதில் 0.7 மிஞ்சும், பின்னதில் 0.1 மட்டுமே மிஞ்சும். எடை ஒன்றே, பலனோ வேறு.

அளக்கும் முறை

தொட்டியருகே மட்டுமன்றிக் கடைக்கோடித் தெருக் குழாயிலும் சோதித்தல் வேண்டும். குழாயைச் சில நிமிடம் ஓடவிட்டு, சோதனைக் குப்பியை அந்நீராலேயே அலம்பி, குறியளவு நிரப்புக. டி.பி.டி. மாத்திரையை இட்டுக் கரைத்தால் இளஞ்சிவப்பு நிறம் தோன்றும். அதனை உடனே நிற அட்டையோடு ஒப்பிடுக. தாமதித்தால் வீரியம் குறைந்த கூட்டுக் குளோரினும் நிறம் தந்து, அளவை மிகுத்துக் காட்டும். குளோரின் மிக அதிகமாயின் நிறம் தோன்றி மறைந்து, ஒன்றுமில்லை என்று ஏமாற்றவும் கூடும். வாடை மிகுந்த நீரைக் குளோரின் இல்லாத தூய நீருடன் கலந்து மீண்டும் சோதிப்பதே தக்கது. சோதித்த நீரைக் குடித்தல் ஆகாது, கொட்டிவிட வேண்டும்.

ஓசோன் தரும் பாடம்

பிரான்சு நாட்டின் நீஸ் நகரில் 1906-ஆம் ஆண்டு முதல் ஓசோன் வாயுவினால் குடிநீரைத் தூய்மை செய்யலாயினர். ஓசோன் குளோரினைவிட வலிமை மிக்கது. எனினும் நீரில் நெடுநேரம் தங்காது. ஆகவே நீரை எடுத்த இடத்திலேயே, இண்டிகோச் சாயத்தின் நீலம் எவ்வளவு வெளுக்கிறது என்று கண்டு அதனை அளக்கின்றனர். நீரை எடுத்து வைத்துப் பின்னர் அளப்பது எம்முறையிலும் பிழையே.

நம் கடமை

நாள், நேரம், தெரு, அளவு ஆகிய நான்கையும் பதிவேட்டில் எழுதி வருவோம். கடைக்கோடியில் அளவு குறையுமாயின், மேலும் தூளைக் கொட்டுவதோடு நில்லாது, குழாய்க் கசிவையும் தொட்டியின் வண்டலையும் ஆராய்வோம். முதல் தெருவில் பெறும் காப்பைக் கடைசித் தெருவிலுள்ள குழந்தையும் பெறுதல் வேண்டும். அதுவே நல்ல ஊராட்சிக்கு அடையாளமாகும்.