மாத்திரையும் கல்லீரலும்

மதுரையை அடுத்த தோப்பூரில் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை இருப்பதை நாம் அறிவோம். காசநோயாளிகள் பலர் அங்கே சிகிச்சை பெறுகின்றனர். அந்நோயாளிகளுள் சிலருக்கு வழக்கமான மருந்துகள் பயன் தருவதில்லை. அதன் காரணத்தையும், அவர்களுடைய கல்லீரல் படும் பாட்டையும் இக்கட்டுரையில் காண்போம்.

காசநோய்க் கிருமியைக் கண்டறிந்ததை 1882-ஆம் ஆண்டு மார்ச் 24-ஆம் நாள் ராபர்ட் காக் அறிவித்தார். நோயாளி வீட்டிலிருந்தபடியே மருந்துண்டு குணமடையலாம் என்பதை, 1956-இல் சென்னையில் தொடங்கப்பட்ட ஆய்வு மையம் 1959-இல் உலகிற்கு மெய்ப்பித்தது. ஆனால் மருந்தை முழுக் காலமும் உட்கொள்ள வேண்டும். இடையில் நிறுத்தினால், எஞ்சிய கிருமிகள் மருந்தை எதிர்க்கும் வலிமை பெறும். ஐசோனியசிட், ரிஃபாம்பிசின் ஆகிய இரண்டுக்கும் அடங்காத நோயே பன்மருந்து எதிர்ப்புக் காசநோய். இது காற்றின் வழியே பிறருக்கும் தொற்றும். ஆகவே இந்நோய் வந்தவரெல்லாம் மருந்தைத் தவறவிட்டவர் என்று பழிப்பது தவறு.

இனி, கல்லீரலுக்கு வருவோம். நறுக்கிய வாழைத்தண்டு காற்றுப்பட்டால் கறுத்துவிடும். அதனால் அம்மா அதை மோர் கலந்த நீரில் போடுவார் அல்லவா? நம் உடலிலும் ஆக்சிஜனிலிருந்து பிறக்கும் சில மூலக்கூறுகள் செல்களைத் தாக்குகின்றன. குளுட்டதயோன் என்னும் பொருள் மோர் நீரைப்போல் நின்று காக்கிறது. தாக்குதல் மிகுந்து காவல் குறைந்தால், அதுவே ஆக்சிஜனேற்ற அழுத்தம். காசநோய் இத்தாக்குதலை மிகுவிக்கிறது. பல மருந்துகளைக் கல்லீரலே மாற்றி வெளியேற்ற வேண்டியிருப்பதால் அதன் சுமையும் கூடுகிறது. சத்துக்குறைவும் மதுவும் சேர்ந்தால் துன்பம் இரட்டிப்பாகும்.

இந்நோய்க்கு முன்பு 9 முதல் 20 மாதங்கள் வரை சிகிச்சை தேவைப்பட்டது. பெடாகுவிலின், பிரிட்டோமனிட், லினசோலிட், மாக்சிஃபிளாக்சசின் ஆகிய நான்கும் கொண்ட 6 மாதச் சிகிச்சைக்கு 2024-இல் இந்திய அரசு ஒப்புதல் அளித்தது. இவற்றுள்ளும் கல்லீரலைத் தாக்கக்கூடியவை உண்டு. எனவே அவ்வப்போது இரத்தப் பரிசோதனை அவசியம்.

பசியின்மை, குமட்டல், கண் மஞ்சளாதல், சிறுநீர் நிறம் அடர்தல் ஆகியவை எச்சரிக்கைகள். அப்போது நம் ஊர்களில், மாத்திரையைத் தூர வைத்துவிட்டுக் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்து வீட்டிலேயே இருந்துவிடுவோர் உண்டு. வேறு சிலர் யாரிடமும் சொல்லாமல் மாத்திரையைத் தொடர்ந்து விழுங்குகின்றனர். இரண்டுமே உயிருக்கு ஆபத்து. அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். எந்த மருந்தை நிறுத்துவது, எதை எப்போது மீண்டும் தொடங்குவது என்பதை மருத்துவரே முடிவு செய்வார்.

நோயுற்றோரைச் சந்திப்பது இரக்கச் செயல்களுள் ஒன்று என மறைக்கல்வி வகுப்பில் கற்கிறோம். நம் தெருவில் ஒருவர் மாத்திரை உண்கிறாரெனில், அவரை ஒதுக்காமல், "சாப்பிட்டீர்களா? கண் மஞ்சளாக இருக்கிறதே, மருத்துவரைப் பார்த்தீர்களா?" என்று கேட்போம். அந்த ஒரு கேள்வி ஓர் உயிரைக் காக்கக்கூடும்.