காவற் புரதம்

குருதியில் உள்ள செவ்வணுக்கள் ஏறத்தாழ 120 நாட்களே வாழ்வன. முதுமையுற்ற அணுக்கள் சிதையுங்கால், அவற்றின் செந்நிறப் பொருளினின்றும் பிலிருபின் என்னும் மஞ்சள் நிறமி தோன்றுகின்றது. இது நீரில் எளிதிற் கரையாது, கொழுப்பிற் கரையும். ஆதலின், தனித்து உலவுமாயின் உயிரணுக்களின் கொழுப்புப் படலத்தை ஊடுருவிக் கேடு விளைக்கும். மூளையிற் படியுமாயின் உயிர்க்கே இடையூறு நேரலாம்.

இத்தகைய பொருள் நாள்தோறும் தோன்றியும் மனிதர் நலமுடன் வாழ்வது எங்ஙனம்? கல்லீரல் ஆக்கி அனுப்பும் ஆல்புமின் என்னும் புரதம், குருதியில் அந்நிறமியைத் தன்னோடு பிணைத்துக் கல்லீரலுக்குக் கொண்டு செல்கின்றது. பிணைப்புண்ட நிறமி மூளையினுட் புகுதல் அரிது. கல்லீரலணுவின் வாயிலில் ஆல்புமின் தன் சுமையை இறக்கிவிட்டு மீள்கின்றது. அணுவினுள்ளே லிகாண்டின் என்னும் மற்றொரு புரதம் நிறமியை ஏற்று, அது குருதிக்குத் திரும்பாவண்ணம் காக்கின்றது. பின்னர் ஒரு நொதி, குளுகுரோனிக் அமிலத்தை அதனோடு சேர்க்கின்றது. அதனால் நிறமி நீரிற் கரையுந் தன்மை எய்திப் பித்தநீரோடு குடலை அடைகின்றது.

பிறந்த குழவிக்கு இந்நொதியின் ஆற்றல் குறைவு. குறைமாதக் குழவிக்கு ஆல்புமினும் குறைவு. அத்தகைய குழவிகட்குப் புரதப் பிணைப்பு எத்துணை இன்றியமையாதது என்பதை, அமெரிக்க நாட்டில் நிகழ்ந்த ஒரு துயரம் உணர்த்திற்று.

நியூயார்க் நகரத்துப் பேபீஸ் மருத்துவமனையில் வில்லியம் சில்வர்மன் முதலிய மருத்துவர்கள், குறைமாதக் குழவிகளை நோய்த்தொற்றினின்றும் காத்தற்பொருட்டு இருவகை மருந்து முறைகளை ஒப்பிட்டு ஆராய்ந்தனர். ஒரு பிரிவினர்க்குப் பெனிசிலினும் சல்பிசாக்சசோலும், மறு பிரிவினர்க்கு ஆக்சிடெட்ராசைக்ளினும் அளிக்கப்பட்டன. 1956-ஆம் ஆண்டில் முடிவு வெளியாயிற்று. முதற் பிரிவிலேயே இறந்த குழவிகள் மிகுதி. மூளையில் மஞ்சள் நிறமி படிந்தவையும் அப்பிரிவிலேயே மிகுதி.

காரணம் யாது? 1959-ஆம் ஆண்டில் ஜெரார்ட் ஓடெல் என்னும் அறிஞர் அதனை விளக்கினார். சல்பா மருந்து, ஆல்புமினில் நிறமி பற்றியிருந்த இடத்தைத் தான் கவர்ந்துகொண்டு, நிறமியை விடுவித்துவிடுகின்றது. குருதியில் நிறமியின் மொத்த அளவு கூடாவிடினும், கட்டவிழ்ந்த பகுதி மிகுமாயின் இடர் விளையும் என்பது இதனால் தெளிவாயிற்று.

நோயைத் தடுக்கத் தந்த மருந்தே உடலின் இயற்கைக் காவலைக் குலைத்தது. ஒப்பிட்டு ஆராயாதிருப்பின் இவ்வுண்மை மறைந்தே கிடந்திருக்கும். இன்று மருத்துவர், பிறந்த குழவிக்கு மருந்து தேருங்கால், அது ஆல்புமினினின்றும் நிறமியைப் பெயர்க்குமோ என்பதையும் எண்ணிப் பார்க்கின்றனர். உயிர் காக்கும் பணிக்கு நல்லெண்ணம் மட்டும் போதாது; நடுநின்று ஆராயும் அறிவும் வேண்டும்.